கண் வைத்தவள்

எனக்கு என் ஓரகத்தியைப் பிடிக்காது. இன்றைக்கும் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் என்னை நல்லவள் என்று நினைத்து ஏமாறக் கூடாது.

அவள் என் புருஷனின் அண்ணன் மனைவி. மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், ஒரே லயத்து வரிசையில், அடுத்தடுத்த ஒற்றையறைக் காம்பராக்களில் குடியிருக்கிறோம். நான் கல்யாணமாகி வந்த புதிதில் எனக்குப் பெயர் வைத்தவள் அவள்தான். அதுவும் பீலியில், எல்லாப் பெண்களுக்கும் முன்னால். மலைத் தண்ணீர் குழாய் வழியாக வந்து விழும் அந்த இடத்தில், உள்பாவாடையை மார்புக்கு மேலே ஏற்றிக் கட்டிக்கொண்டு குளிப்போம். ஈரத் துணி எதை மறைக்கும்? மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஏன்டி பலகை, முன்பக்கம் எது பின்பக்கம் எதுன்னு ஒம் புருஷனுக்கு யாரு சொல்லிக் குடுக்குறது?" என்றாள். சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. இரண்டு பிள்ளைகளுக்குப் பால் கொடுத்து வளர்த்த பிறகும் அந்தப் பெயர் போகவில்லை.

அவளுக்கோ ஆண்டவன் அள்ளிக் கொடுத்திருந்தான். அது அவளுக்கும் தெரியும். கொழுந்து நிறுக்கும் இடத்தில் அவள் நிமிர்ந்து நிற்கிற நிற்பே தனி. எனக்கு வயிறு எரியும். இதில் ஒளிக்க என்ன இருக்கிறது? பீலியில் நின்றால் என் கண் அவள் மார்பில்தான் இருக்கும். என் உடம்பைவிட அவள் உடம்பு எனக்கு மனப்பாடம்.

என் உடம்பை நான் எங்கே போய்ப் பார்ப்பது? ஒருநாள் காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்கு நாங்கள் கூடியிருந்தபோது ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு மிஸ் வந்து மார்புப் புற்றுநோயைப் பற்றிப் பேசினார். மாதம் ஒருமுறை சட்டையைக் கழற்றிவிட்டுக் கண்ணாடி முன் நில்லுங்கள், கையைத் தூக்கிப் பாருங்கள், முன்பு இல்லாத மாற்றம் தெரிந்தால் வலி இல்லாவிட்டாலும் டாக்டரிடம் போங்கள் என்றார். நல்ல விஷயம்தான். ஆனாலும் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. எங்கள் காம்பராவில் ஒரு மூலையில் மாமனார், ஒரு மூலையில் பிள்ளைகள். பகலில் தாழ்ப்பாள் போட்டால் உள்ளே என்ன என்று கேள்வி வரும். இருக்கிற கண்ணாடி பொட்டு வைக்க மட்டுமே போதும். தேயிலைச் செடியை எந்த உயரத்தில் கவ்வாத்து வெட்டுவது என்று அளந்து பார்க்கிற தோட்டத்தில், ஒரு பெண் தன் உடம்பைப் பார்க்க நான்கு சுவர் கிடையாது.

"கண்ணாடியையும் கதவையும் யாரு தருவா மிஸ்?" என்று கேட்டேன். மிஸ் பாவம், தலையைக் குனிந்துகொண்டார். "பலகைக்கு எதுக்குடி கண்ணாடி?" என்று பின்னாலிருந்து ஓரகத்தி குரல் கொடுத்தாள். மறுபடியும் சிரிப்பு.

அந்த வருஷக் கோயில் திருவிழாவுக்கு முன்னால் பீலியில் அதைக் கண்டேன். தலைக்குத் தண்ணீர் ஊற்ற அவள் கையைத் தூக்கினாள். இடப்பக்கம் காம்பு உள்ளே இழுத்திருந்தது. அதன் பக்கத்தில் ஈரத் துணி குழிந்து ஒட்டியது. அது அப்படி இருந்ததே இல்லை. சுற்றி நின்ற யாருக்கும் தெரியவில்லை, எனக்குத் தெரிந்தது.

எல்லோரும் போகும்வரை காத்திருந்து, "அக்கா, இடப்பக்கம் ஒரு மாதிரி இருக்கே. கட்டி கிட்டி ஏதும் இருக்கா?" என்றேன்.

அவள் சட்டென்று கையால் மார்பை மூடினாள். அவளுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கிறது என்று எனக்குப் புரிந்தது. "வலியே இல்ல, அது பழைய பால்கட்டி" என்றாள். அடுத்த மூச்சில் கத்தத் தொடங்கினாள். "ஒங் கண்ணுதான்டி! வந்த நாள்லேர்ந்து வெறிச்சு வெறிச்சுப் பாத்தியே!"

அன்று சாயங்காலமே உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டார்கள். நெடியே வரவில்லை, கண்ணூறுதான் என்று அவள் லயம் முழுக்கக் கேட்கச் சொன்னாள். சுவருக்கு இந்தப் பக்கம் நாங்கள் இருமிச் செத்துக்கொண்டிருந்தோம்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, எக்கேடும் கெட்டுப் போ என்று விட்டிருக்கலாம். விட முடியவில்லை. மறுநாள் பீலியில் கூட்டம் இருக்கும்போதே அவள் முன்னால் போய் நின்றேன்.

"ஆமா, நாந்தான் கண்ணு வச்சேன். பொறாமையிலதான் பாத்தேன். அதனாலதான் சொல்றேன், அது முன்ன மாதிரி இல்ல. பதுளை ஆஸ்பத்திரிக்கு வாங்க. ஒண்ணுமில்லன்னு டாக்டர் சொன்னா, இதே எடத்துல, இத்தன பேருக்கு முன்னால ஒங்க கால்ல விழுறேன்."

நான் அவள் காலில் விழுவதைப் பார்க்கிற ஆசையில்தான் அவள் பஸ் ஏறினாள். ஆளுக்கொரு சீட்டில், ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு போனோம். டாக்டரின் அறையிலிருந்து வெளியே வந்தவளின் முகத்தில் அந்த ஆசை இல்லை. சதையெடுத்துச் சோதித்தார்கள். புற்றுநோய் என்று முடிவு வந்தது. இன்னும் தள்ளிப்போட்டிருந்தால் கஷ்டம் என்றார்கள். நான் காலில் விழ வேண்டி வந்திருந்தால் சந்தோஷமாக விழுந்திருப்பேன்.

இடது மார்பை எடுத்தார்கள். மருந்து ஏற்ற ஏற்ற முடி கொட்டியது. அவள் பீலிக்கு வருவதை நிறுத்தி, காம்பராவுக்குள் சேலையை மறைப்பாகக் கட்டிக்கொண்டு குளித்தாள். வாசலைத் தாண்டுகிற பெண்களெல்லாம் "பாவம்" என்று காதுபடச் சொல்லிவிட்டுப் போனார்கள். ஒரு காலத்தில் அவள் பகிடிக்குச் சிரித்த அதே வாய்கள். நான் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. அவளும் எனக்கு நன்றி சொல்லவில்லை.

முடி திரும்ப முளைத்த பிறகு ஒருநாள், கூட்டமான நேரம் பார்த்து பீலிக்கு வந்தாள். பாவாடையை ஏற்றிக் கட்டிக்கொண்டு தண்ணீருக்குக் கீழே நின்றாள். எல்லோரும் தலையைத் திருப்பிக்கொண்டார்கள். நான் திருப்பவில்லை.

"என்னடி பாக்குற?"

"நீங்களும் பாதிப் பலகை ஆயிட்டீங்க."

யாரோ என் முதுகில் கிள்ளினார்கள். அவள் என்னையே பார்த்தாள். "மூதேவி" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தாமலேயே, "இன்னொண்ணு இருக்கு. அத விடாமப் பாரு. மாறுனா ஒடனே சொல்லு" என்றாள்.

"என்னுத யாரு பாப்பா?" என்று கேட்டுவிட்டேன். யாரும் பொறாமைப்படாத உடம்பை யார் பார்த்து வைத்திருப்பார்கள்?

அவள் சோப்பைக் கல்லில் வைத்துவிட்டு என்னை நோக்கித் திரும்பினாள்.

"கையத் தூக்குடி பலகை."

தூக்கினேன்.