தண்ணீரும் குடிக்காமல் பிடித்த விரதம்

நான் பிறந்தது மலைநாட்டு நுவரெலியா. அந்தக் குளிரில் தேநீர்தான், தண்ணீர் குடித்துப் பழக்கமில்லை. கொழும்பு வெள்ளவத்தைக்கு மருமகளாக வந்தும் அப்படியே இருந்தேன்.

என் கணவரின் தம்பி மனைவி யாழ்ப்பாணத்தவள். கந்தசஷ்டி ஆறு நாளும் வெறும் தண்ணீரோடு விரதமிருப்பாள். மாமி அவளையே மெச்சும்போது எனக்கு வயிறு எரியும்.

சென்ற சஷ்டிக்கு நான் தண்ணீரையும் விட்டேன். இரண்டாம் நாள் கோயிலில் மயங்கி விழுந்தேன். கண் திறந்தபோது அவள் மடியில் கிடந்தேன்.

"அக்கா, நான் நாளுக்கு மூண்டு போத்தல் தண்ணி குடிக்கிறனான். உங்களை ஆர் குடிக்க வேண்டாமெண்டது?"

"ஒன்ன மிஞ்சணும்னுதான்..."

"அப்ப விரதம் முருகனுக்கோ, எனக்கோ?"

அவள் நீட்டிய தண்ணீரை வெட்கத்தோடு குடித்தேன்.

இப்போது தாகமில்லாவிட்டாலும் நேரத்துக்குத் தண்ணீர் குடிக்கிறேன். மாமி அவளைப் புகழ்ந்தால், "முருகா" என்று இன்னுமொரு கிளாஸ் குடித்துவிடுகிறேன்.