சரிவில் நிற்கிற பிக்கப்

படகு இழுக்கிற டிரைவருக்குப் படகைப் பற்றி ஒன்றும் தெரிய வேண்டாம், ஈரச் சரிவில் தன் வண்டி நிற்குமா வழுக்குமா என்று தெரிந்தால் போதும். இதைத் தெரிந்துகொள்ளவே எனக்கு இருபது வருஷம் ஆனது. பழைய வண்டி வாங்கப் போய், விற்கிறவர் வாயைப் பார்த்துக்கொண்டு நின்ற அனுபவம் உங்களுக்கும் இருக்கும். இருந்தால் நீங்களும் நம்ம ஆள்தான், கூட உட்காருங்கள்.

வீடு ஈசூன் வட்டாரத்தில். வேலை அங்கிருந்து பஸ் தூரத்தில், கடலோரம் ஒரு படகுக் கொட்டகையில். காசுள்ளவர்கள் தங்கள் படகை எங்களிடம் விட்டுவைப்பார்கள். அவர்கள் மீன் பிடிக்கக் கிளம்பும்போது படகை டிரெய்லரோடு பிக்கப்பில் மாட்டி, கடலுக்குள் இறங்கும் சிமெண்டுச் சரிவில் பின்னால் தள்ளி இறக்கிவிட வேண்டும். திரும்பி வந்ததும் மேலே இழுக்க வேண்டும். இறக்குவது சுலபம். இழுப்பதில்தான் உயிர் போகும்.

நாலு பேர் ஏறுங்க

தண்ணீர் வற்றும் நேரத்தில் அந்தச் சரிவு முழுக்கப் பச்சைப் பாசி. எங்கள் பழைய பிக்கப்புக்குப் பின்சக்கரம் மட்டும்தான் இழுக்கும். பின்னால் சாமான் ஏற்றும் தொட்டி காலியாக இருந்தால் சக்கரம் பாசியில் சும்மா சுற்றும். அதற்கு நான் ஒரு வழி வைத்திருந்தேன். "நாலு பேர் ஏறுங்கப்பா" என்று சத்தம் போடுவேன். கொட்டகையில் வேலை செய்யும் பையன்கள் ஓடிவந்து தொட்டியில் உட்காருவார்கள். அவர்கள் எடையில் சக்கரம் அழுந்தும், வண்டி ஏறும். இந்த யோசனை என்னுடையது என்று பத்து வருஷமாகப் பெருமை வேறு.

ஒரு நாள் காலை பரமேஸ்வரி மேடத்தின் படகை இழுக்கிறேன். மேடம் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எழுபது வயது, புருஷனோடு வாரம் ஒரு தடவை தூண்டில் போடப் போவார். நாலு பேர் பின்னால் ஏறியாயிற்று. பாதிச் சரிவில் சக்கரம் விட்டுவிட்டது. பிரேக்கை மிதிக்கிறேன், வண்டி கேட்கவில்லை. படகு, டிரெய்லர், பிக்கப், நான் எல்லாரும் சத்தமில்லாமல் கடலைப் பார்த்துப் பின்னால் போகிறோம். கண்ணாடியில் பார்த்தேன். மூன்று பேர் குதித்துவிட்டார்கள். ஒருத்தன் மட்டும் இரண்டு கையாலும் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருக்கிறான். தண்ணீர் தொட்டிக் கதவைத் தாண்டி உள்ளே வந்த நேரத்தில், சரிவு முடிகிற இடத்துச் சிமெண்டு மேட்டில் டிரெய்லர் சக்கரம் முட்டி நின்றது.

இறங்கி ஓடினேன். உட்கார்ந்திருந்தவன் பாண்டி, அறந்தாங்கிப் பக்கத்துப் பிள்ளை, ஊரை விட்டு இங்கே வேலைக்கு வந்து ஆறு வருஷம் ஆகிறது. முழங்கால் வரை நனைந்திருந்தான். "ஏன்டா குதிக்கல, பைத்தியமா நீ" என்று கத்தினேன். அவன் சாதாரணமாகச் சொன்னான்: "நானும் குதிச்சா எடை குறைஞ்சிடும்ல அண்ணே, அதான் உட்கார்ந்துட்டேன்."

அடியில் ஒரு காந்தம்

வண்டியை மாற்ற வேண்டும் என்று முதலாளி மிஸ்டர் கோ தானாகவே சொல்லிவிட்டார். அதற்கு மிச்சம் இருந்த ஆயுளும் கொஞ்சம்தான். "நீங்களே தேடுங்க அங்கிள், ஓட்டறது நீங்கதானே" என்றார். சந்தோஷமாக இருந்தது. பிறகுதான் புரிந்தது, இனி எது வழுக்கினாலும் அது நான் பொறுக்கிய வண்டி.

தேக்கா பக்கம் ஒரு கோப்பிக்கடையில் செல்வாவைப் பிடித்தேன். பழைய வண்டித் தரகர், முப்பது வயசு இருக்கும், இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளை. போனில் படம் காட்டினார். வெள்ளை பிக்கப், கல்யாண மாப்பிள்ளை மாதிரி மினுங்கியது. ஜூரோங்கில் நிற்கிறது என்றார், போனோம். நேரிலும் அப்படியே மினுங்கியது. ஆனால் பின்னால் கொக்கி மாட்டும் இடத்தில் தேய்ந்த தடம் இருந்தது. ஏற்கெனவே யாரோ படகு இழுத்திருக்கிறார்கள். உப்புத்தண்ணீர் குடித்த வண்டி மேலே சிரிக்கும், அடியில் அழுகும்.

எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்த மாம்பழ பொம்மைக் காந்தத்தைக் கேட்காமல் எடுத்து வந்திருந்தேன். மனைவி இன்னும் அதைத் தேடுகிறாள். வண்டிக்கு அடியில் படுத்து, பின்சக்கரத்துக்கு மேலே சட்டத்தில் காந்தத்தை வைத்தேன். ஒட்டவில்லை, என் நெற்றியில் விழுந்தது. கொஞ்சம் தள்ளி வைத்தேன். மறுபடியும் விழுந்தது. இரும்பு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு முழத்துக்குப் பசையை அப்பிக் கறுப்புப் பெயிண்ட் அடித்து வைத்திருக்கிறார்கள். இதை நம்பி ஒரு படகைக் கட்டினால் பாதி வண்டி மேலே வரும், மீதி கடலுக்குப் போகும். படுத்த இடத்திலேயே எனக்கு வியர்த்துவிட்டது. வெளியே வந்து செல்வாவிடம் காந்தத்தைக் காட்டினேன். அவர் கொஞ்சமும் அசரவில்லை. "மேல பெயிண்ட் எல்லாம் ஒரிஜினல் லா அங்கிள். கீழ யாரு குனிஞ்சு பார்க்கப் போறா?"

மேடம் சொன்ன எடை

எந்த வண்டி வாங்கினாலும் எவ்வளவு எடை இழுக்க வேண்டும் என்று முதலில் தெரிய வேண்டும். கொட்டகையிலேயே கனமானது பரமேஸ்வரி மேடத்தின் படகுதான். கேட்டேன். "பேப்பர்ல ஆயிரத்து இருநூறு கிலோ எண்டுதான் இருக்கு தம்பி" என்றார். எனக்கு அறுபத்துமூன்று வயது. அவர் ஒருத்தர்தான் என்னைத் தம்பி என்று கூப்பிடுவது.

எதற்கும் இருக்கட்டும் என்று, படகை டிரெய்லரோடு எடைமேடையில் ஏற்றினோம். முள் போய் நின்ற இடத்தைப் பார்த்து எடை போடுகிறவரே எழுந்து நின்றுவிட்டார். டிரெய்லரைக் கழித்தாலும் மேடம் சொன்னதைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. படகுக்குள் ஏறிப் பார்த்தேன். ஐஸ் பெட்டி மூன்று. ஓடாத பழைய எஞ்சின் ஒன்று. ஆட்டம் குறையட்டும் என்று மேடத்தின் வீட்டுக்காரர் போட்டுவைத்த மணல் மூட்டைகள். சின்ன கேஸ் அடுப்பு, சிலிண்டர், ஒரு குழவிக்கல்லும் அம்மியும். கடலில் பிடித்த மீனுக்குக் கடலிலேயே மசாலா அரைக்கிறார்களாம். இத்தனையும் வைத்துத்தான் நான் பாசியில் இழுத்திருக்கிறேன், பாண்டி பின்னால் உட்கார்ந்திருந்திருக்கிறான். "மேடம், இவ்வளவு எடையா" என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "அது எடை இல்லைத் தம்பி, அது எங்கட சாமான்."

செல்வாவின் யோசனை

செல்வா லேசில் விடுகிற ஆள் இல்லை. மறுவாரம் இன்னொரு பிக்கப் கொண்டுவந்தார். அடியில் காந்தம் எல்லா இடத்திலும் ஒட்டியது. எஞ்சின் சத்தம் சுத்தம். முன்னால் இரண்டே இருக்கை, பின்னால் நீளமான தொட்டி. எல்லாம் சரி, ஆனால் இதற்கும் பின்சக்கரம் மட்டும்தான் இழுக்கும். "செல்வா, பாசியில இது நிக்காதுப்பா. பின்னால எடை இல்லன்னா சக்கரம் சுத்தும்" என்றேன்.

அவர் சிரித்தார். இவ்வளவு வருஷம் வண்டி ஓட்டுகிற ஆளுக்கு இது தெரியாதா என்கிற மாதிரி என் தோளைத் தட்டினார். பிறகு அவர் சொன்னதைக் கேட்டு அவரைத் திட்ட வேண்டும் போல இருந்தது. எந்த வாயை வைத்துத் திட்டுவது? பத்து வருஷமாக நான் சத்தம் போட்டுச் சொன்னதைத்தான் அவர் மெதுவாகச் சொன்னார். "வெயிட்தானே அங்கிள் பிராப்ளம்? அதான் உங்க வொர்க்கர்ஸ் இருக்காங்களே, நாலு பேரைத் தூக்கிப் பின்னாடி போடுங்க."

பூச்செடிக் கடை வண்டி

கடைசியில் நான் பிடித்தது ஒரு செடி கொடி விற்கிற தோட்டத்தில் ஓடிய பிக்கப். பக்கமெல்லாம் நசுங்கல், கதவில் மண் கறை. ஆனால் கடலையே பார்க்காத வண்டி. காந்தம் ஒட்டின இடத்தில் இருந்து பிய்க்க வேண்டியிருந்தது. நாலு சக்கரமும் இழுக்கும், மெதுவாக மலை ஏறுகிற கியர் தனியாக உண்டு. முன்னால் இரண்டு பேர், அவர்களுக்குப் பின்னால் கதவோடு இன்னொரு வரிசை இருக்கை. அதனால் தொட்டி மட்டும் குட்டை.

மிஸ்டர் கோ அந்தக் குட்டைத் தொட்டியையே சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "சாமான் வைக்க இடம் இல்லை. ஆள் உட்கார நான் எதுக்கு இடம் வாங்கணும் அங்கிள்? இத்தனை நாள் பின்னாடிதானே உட்கார்ந்தாங்க" என்றார். அன்றைக்குக் குதிக்காமல் உட்கார்ந்திருந்த பாண்டியைப் பற்றிச் சொன்னேன். அவன் என்ன காரணம் சொன்னான் என்றும் சொன்னேன். அவர் நசுங்கின கதவை இரண்டு தடவை திறந்து மூடினார். "இந்த வண்டி வழுக்கினா நான் மறுநாள் வேலைக்கு வரலை பாஸ்" என்று சொல்லிவிட்டேன். வாய் சொன்ன பிறகுதான் எனக்கே பகீர் என்றது. முதலாளி என்னை நிமிர்ந்து பார்த்தார். "மறுநாள் வரைக்கும் எதுக்கு அங்கிள்? வழுக்கினா சாவியை அங்கேயே குடுத்துட்டுப் போங்க."

முன் இருக்கை

தண்ணீர் நன்றாக வற்றியிருந்த ஒரு காலையாகப் பார்த்து வண்டியை இறக்கினேன். பாசி பளபளத்தது. இழுக்க வேண்டியது மேடத்தின் படகுதான். அவர் பேருக்கு ஒரு ஐஸ் பெட்டியை மட்டும் எடுத்து வெளியே வைத்திருந்தார், அம்மி உள்ளேயே இருந்தது. முதலாளி மேலே கைகட்டி நின்றார்.

கண்ணாடியில் பார்த்தால், யாரும் கூப்பிடாமலே பாண்டி தொட்டியில் ஏறிக்கொண்டிருக்கிறான். இப்படி ஏறப் பழக்கியது நான்தானே. "இறங்குடா, நீ மேலயே நில்லு" என்றேன். "நீங்க உள்ள இருக்கீங்கள்ல அண்ணே, நான் மட்டும் மேல நிக்கணுமா" என்றான், அசையவில்லை. நேரம் போகிறது, தண்ணீர் இன்னும் வற்றுகிறது. பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டேன். வந்து உட்கார்ந்தான். இரண்டு பக்கக் கண்ணாடியையும் இறக்கி, தேவைப்பட்டால் குதி என்று சொல்லி, மலைக் கியரைப் போட்டேன். சக்கரம் ஒரு தடவை வழுக்கியது. இரண்டு சாண் பின்னால் போனோம். முதலாளியின் கை சாவிக்கு நீண்டதை நான் பார்த்தேன். பிறகு முன்சக்கரம் காய்ந்த சிமெண்டைக் கவ்வியது. வண்டி முனகிக்கொண்டே, அம்மி குழவி எல்லாவற்றையும் சேர்த்து மேலே கொண்டுவந்தது.

கொட்டகை வாசலில் நிறுத்தினேன். எனக்குச் சட்டை நனைந்திருந்தது. பாண்டி இறங்காமல் முன்கண்ணாடி வழியாக எதிர்ச் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தான். என்னடா என்றேன். "ஆறு வருஷமா வேலை வண்டியில ரோடு பின்னால போறதைத்தான் பார்த்திருக்கேன் அண்ணே, முன்னால வர்றதை இன்னைக்குத்தான் பார்க்கிறேன்."

பிக்கப் உள்ளே அழுகியிருக்கிறதா என்று பார்க்க ஒரு ஃப்ரிட்ஜ் காந்தம் போதும், ஓட்டுகிறவன் அழுகியிருக்கிறானா என்று வைத்துப் பார்க்கத்தான் கடையில் இன்னும் ஒன்றும் வரவில்லை.