எதிர்கால அருங்காட்சியகத்தில் எங்கள் நிலத்தைத் தேடிய சனிக்கிழமை

கடலூர்–சிதம்பரம் சாலையில், ஆலப்பாக்கம் தாண்டி வலப்பக்கம் குக்கர் மூடி போல ஒரு வெள்ளி நிறக் குவிமாடம் எழும்பி ஒன்றரை வருடம் ஆகிறது. எதிர்காலத் தொழில்நுட்பத்துக்கான அருங்காட்சியகம். தனியார் அறக்கட்டளை ஒன்று கட்டியது. போய்ப் பார்த்து எழுதச் சொல்லி நாலைந்து பேர் பின்னூட்டத்தில் கேட்டிருந்தீர்கள். நான் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். நாளைக்கு இப்படித்தான் இருக்கும் என்று இவ்வளவு உறுதியாகச் சொல்கிறவர்களிடம் எனக்கு ஒரு தயக்கம் உண்டு.

போன ஆவணி மாதம் இரண்டாம் சனிக்கிழமை போனேன். வலைப்பூவுக்காகப் போகவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சேத்தியாத்தோப்புப் பக்கம் வெள்ளாற்றங்கரையை ஒட்டி எங்கள் அப்பா விட்டுப்போன ஒரு ஏக்கர் இருபது சென்ட் நிலம் இருக்கிறது. எனக்கும் என் அக்கா கலாவுக்கும் கூட்டுப் பட்டா. பயிர் வைப்பது அக்கா. நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் வாடகை வீட்டில் இருந்துகொண்டு வருடத்துக்கு இரண்டு மூட்டை அரிசி வாங்கிக்கொள்கிறவள். இரண்டு மாதமாக ஒரு நிலத் தரகர் அக்கா வீட்டுக்கு நடையாய் நடந்தார். மூன்றாவது முறை அவர் வந்தபோது நானும் அங்கே இருந்தேன். கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினார். அருங்காட்சியகத்தில் வைத்திருக்கும் மாவட்ட மாதிரியின் படம். வெள்ளாறு வளையும் இடத்தில், எங்கள் நிலம் இருக்க வேண்டிய இடத்தில், நீல நிறத்தில் ஓர் ஏரி.

"பாத்துக்குங்கக்கா. புது ஏரி வெட்டப் போறாங்க. நோட்டீஸ் வந்துட்டா அப்பறம் யாரும் தொட மாட்டான். ஒரு கம்பெனி இப்பவே எடுத்துக்கறேங்குது. திங்கக்கெழம அக்ரிமெண்ட் போட்டுடலாம். நம்பலைன்னா நேர்ல போய்ப் பாருங்க, டிக்கெட் நூத்தியிருவது ரூவாதான்."

அக்காவின் கணவர், "உங்கப்பா நெலம். அக்கா தங்கச்சி நீங்களே முடிவு பண்ணுங்க" என்று எழுந்து போய்விட்டார். எங்கள் இருவர் கையெழுத்தும் வேண்டும். அதனால் திங்கட்கிழமைக்கு முன் நேரில் பார்த்துவிடுவது என்று அக்கா சொன்னாள். "நீயும் வா" என்றாள்.

கடலூர் பேருந்து நிலையத்தில் 9.20க்குச் சிதம்பரம் பேருந்து. நிறுத்தத்தின் பெயரைச் சொல்லி நான் சீட்டுக் கேட்டதும் நடத்துநர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"குக்கரா?"

"மியூசியம்."

"அதாம்மா, குக்கர். நீங்களும் நெலம் பாக்கத்தானா?"

ஏன் அப்படிக் கேட்கிறார் என்று கேட்டேன். "ஸ்கூல் பசங்க வேன்ல வந்துடுவாங்க. பஸ்ஸுல வர்றதெல்லாம் நெலம் பாக்கற பார்ட்டிதான்" என்று சொல்லிவிட்டு விசில் ஊதினார். சீட்டு 22 ரூபாய், பயணம் 45 நிமிடம். கடலூரிலிருந்து 27 கிலோமீட்டர், சிதம்பரத்திலிருந்து 20. சாலையிலிருந்து உள்ளே 600 மீட்டர் நடக்க வேண்டும், நிழல் கிடையாது. ஷேர் ஆட்டோ இருபது ரூபாய். முப்பது கேட்டார்கள், நான் விடவில்லை. அக்கா சிதம்பரம் வந்து பேருந்து மாறி 10.25க்கு வந்து சேர்ந்தாள்.

நுழைவுச்சீட்டு வாங்கும் இடத்தில் கைப்பேசி எண் கேட்கிறார்கள். எதற்கு என்றதும், "சிஸ்டம்ல கேக்குது மேடம்" என்று பதில் வந்தது. நான் கடைசி எண்ணை மாற்றிக் கொடுத்தேன். அக்கா சரியான எண்ணையே கொடுத்துவிட்டு, "பொய் சொல்லி என்ன ஆவப்போவுது" என்றாள்.

முதல் கூடத்தில் ஒரு ரோபோ கைகூப்பி வரவேற்கிறது. என்ன கேட்டாலும் "மிக நல்ல கேள்வி" என்று தொடங்குகிறது. அக்கா அதனிடம், "இந்த வருசம் கடைமடைக்குத் தண்ணி வருமா?" என்று கேட்டாள். மிக நல்ல கேள்வி என்று சொல்லிவிட்டு, நீரின்றி மனிதன் வாழ முடியாது என்றது. "இதுக்குப் பேசாம நம்ம கவுன்சிலரே தேவல" என்றாள் அக்கா. இரண்டாம் கூடம் விவசாயத்தின் எதிர்காலம். மருந்தடிக்கும் டிரோன் ஒன்றைக் கண்ணாடிப் பெட்டிக்குள் தொங்கவிட்டு விளக்குப் போட்டிருக்கிறார்கள். "இது எங்க ஊர்ல போன வருசமே வந்துடுச்சு, ஏக்கருக்கு இவ்ளோன்னு வாடகைக்கு அடிக்கறாங்க" என்று பக்கத்தில் நின்ற பள்ளி ஆசிரியரிடம் அவள் விளக்கிக்கொண்டிருந்தாள். சிரிப்பு வந்தாலும் இருவருக்கும் மனம் அடுத்த கூடத்தில்தான் இருந்தது.

மூன்றாம் கூடத்தில் இருக்கிறது அந்த மாவட்ட மாதிரி. "2075இல் நம் மாவட்டம்." பதினெட்டு அடி நீளம் இருக்கும். சுற்றி இடுப்புயரக் கம்பி மட்டும், கண்ணாடி இல்லை. ரோபோவைப் பார்க்க ஏழெட்டுக் குழந்தைகள்தான் இருந்தார்கள். இங்கே நாற்பது பேர். வேட்டி கட்டியவர்கள், பிளாஸ்டிக் உறையில் பட்டா நகல் வைத்திருப்பவர்கள், கைப்பேசியில் வரைபடம் திறந்து வைத்துக்கொண்டு கழுத்தைச் சாய்ப்பவர்கள். ஒருவர் நூல் கொண்டுவந்திருந்தார். சிதம்பரம் கோபுரத்திலிருந்து நூலைப் பிடித்து, முடிச்சுப் போட்டு, தன் ஊர் எங்கே வரும் என்று அளந்துகொண்டிருந்தார்.

"ஸ்ரீமுஷ்ணத்துல ஏர்போர்ட்டாம்யா."

"ஏர்போர்ட்டு இல்ல, அது கூடாரம்."

"மாமா, நம்ம தோப்புல மெட்ரோ ஸ்டேஷன் வருது! நல்லாப் பாத்துட்டேன்!"

கம்பிக்குக் கீழே, முழங்கால் உயரத்தில் ஒரு பலகை இருந்தது. ஒருவருடைய கைப்பை அதை மறைத்திருந்தது. குனிந்து படித்தேன். 'இது கலைஞர்களின் கற்பனை மட்டுமே.' பக்கத்தில் இருந்தவருக்கும் உரக்கப் படித்துக் காட்டினேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "அப்பிடித்தாம்மா போடுவாங்க. வெளிப்படையா போட்டா ஜனங்க சும்மா வுடுமா?" எனக்கும் அதே எண்ணம்தான் ஓடியது என்பதை மறைக்க மாட்டேன். அந்தப் பலகையைக் கண்டதும் என் சந்தேகம் கூடத்தான் செய்தது.

நாங்கள் வெள்ளாற்றைப் பிடித்தோம். பாலம், சேத்தியாத்தோப்பு, வளைவு. அக்காவின் விரல் காற்றில் நின்றது. அங்கே ஏரி இல்லை. வெறும் பச்சை.

தரகர் அனுப்பியிருந்த படத்தை என் கைப்பேசியில் திறந்து பக்கத்தில் பிடித்தேன். அதே வளைவு, அதே பாலம், ஆனால் படத்தில் ஏரி இருந்தது. அக்கா பெருமூச்சு விட்டாள். எனக்குச் சந்தேகம் வந்தது. எடுத்துவிட்டார்களா, மறைக்கிறார்களா? அப்போதுதான் மேசையின் தென்பக்கம் ஒருவர் குரல் கேட்டது. ஐம்பது வயது இருக்கும், காட்டுமன்னார்கோயில்காரர். போனில் யாரிடமோ, "போச்சு. நம்மளது மொத்தமும் தண்ணிக்குள்ள. நேர்ல நின்னு பாத்துட்டுத்தான் சொல்றேன்" என்றார். எங்கள் ஏரி அவர் வயல் மேல் உட்கார்ந்திருந்தது.

உலர்ந்த துணியால் கட்டடங்களைத் துடைத்துக்கொண்டிருந்த சீருடைப் பெண்ணிடம் அக்கா போனாள்.

"ஏம்மா, அந்த ஏரி மொதல்லேர்ந்து அங்கதான் இருக்குதா?"

"எந்த ஏரிக்கா? ஓ, அந்த நீலமா? அது சும்மா டேப்பு போட்டு வெச்சிருக்கறது. தொடைக்கறப்ப எடுத்துடுவோம்."

"திரும்ப எங்க வெப்பீங்க?"

"எங்க பச்சையா இருக்குதோ அங்க. பச்சையில வெச்சாதான நீலம் எடுப்பா தெரியும்? பில்டிங் மேல வெக்க முடியாதுல்ல."

அக்கா நேராகக் காட்டுமன்னார்கோயில்காரரிடம் போய் விஷயத்தைச் சொன்னாள். பயப்படாதீர்கள், அது ஒட்டி வைத்தது, எங்கள் நிலத்தின் மேலும் இருந்தது, எவன் வந்து கேட்டாலும் கொடுத்துவிடாதீர்கள் என்றாள். அவர் பட்டாவை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார்.

"நீங்க எந்தப் பார்ட்டி?"

"பார்ட்டியா? நானும் ஒங்கள மாதிரிதாங்க."

"எல்லாரும் அப்பிடித்தாம்மா சொல்றாங்க. இப்ப விக்காதம்பீங்க, நாளைக்கு நீங்களே வந்து கொறச்சுக் கேப்பீங்க."

அக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது. கம்பிக்கு மேல் குனிந்தாள். நான் அவள் புடவையைப் பிடிப்பதற்குள் டேப் பிரிகிற சத்தம் கேட்டது. உள்ளங்கையளவு நீலப் பிளாஸ்டிக்கை எடுத்து அவர் கையில் வைத்தாள். "இந்தாங்க. ஒங்க ஏரி. வூட்டுக்கு எடுத்துட்டுப் போங்க."

காவலர் விசில் ஊதிக்கொண்டே ஓடிவந்தார். அதற்குள் ஒருவர், "யக்கா, அந்த ஏர்போர்ட்டையும் எடுத்துடுங்க!" என்று கத்தினார். "ஸ்டேஷன்ல மட்டும் கைய வெக்காதீங்க!" என்று தோப்புக்காரர் அலறினார். காட்டுமன்னார்கோயில்காரர் எதையும் கவனிக்கவில்லை. ஏரியைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்தார். டேப்பில் தூசியும் நீளமாக ஒரு தலைமுடியும் ஒட்டியிருந்தன. பிறகு அது இருந்த இடத்தை எட்டிப் பார்த்தார். பச்சை வண்ணம், வேறு ஒன்றும் இல்லை. போனை எடுத்து, "டேய், இருடா. ஒண்ணும் சொல்லாத அவன்கிட்ட. நான் வரேன்" என்றார்.

எங்களை வெளியே அனுப்பிவிட்டார்கள். மணி 1.15.

போக நினைப்பவர்களுக்குச் சில விவரங்கள். செவ்வாய் விடுமுறை, மற்ற நாட்களில் காலை 10 முதல் மாலை 5 வரை. பெரியவர்களுக்கு 120, பள்ளிக் குழந்தைகளுக்கு 60. உள்ளே காபி 40 ரூபாய், சாலையோரக் கடையில் 15. குழந்தைகளுக்கு இரண்டு மணி நேரம் நன்றாகப் போகும். மதியத்துக்கு முன் போய்விடுங்கள், குவிமாடத்துக்குள் வெயில் இறங்குகிறது. நிலம் பார்க்கப் போகாதீர்கள். அதற்குக் கிராம நிர்வாக அலுவலர் இருக்கிறார், தாலுகா அலுவலகம் இருக்கிறது. நாங்களும் மறுவாரம் தகவல் கேட்டு மனுப் போட்டோம். இதை எழுதும் நாள் வரை பதில் இல்லை. அந்த மாவட்ட மாதிரி பொய் என்பதால் ஏரித் திட்டமே இல்லை என்று ஆகிவிடாது. அதை நினைக்காமல் என்னால் இருக்க முடியவில்லை. தரகர் ஏரியை நகர்த்திப் படமெடுத்தாரா, துடைத்தவர் வைத்த இடம் அவருக்குத் தோதாக அமைந்ததா என்பதும் தெரியவில்லை. திங்கட்கிழமை அவர் போன் செய்தபோது அக்கா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள்.

ஆனால் அந்தச் சனிக்கிழமை இன்னும் முடியவில்லை. நிறுத்தத்தில் சிதம்பரம் பேருந்து வந்தது. அக்கா ஏறவில்லை. எதிர்ப்பக்கம் வந்து என்னோடு கடலூர் பேருந்தில் ஏறினாள். "ஒன் வூட்டுக்கு வரேன்" என்றாள். ஆலப்பாக்கம் தாண்டியதும் கேட்டாள்.

"அந்த ஆளு வந்து பேசறப்ப நீ ஏன் ஒண்ணுமே கேக்கல?"

"என்ன கேக்கறது?"

"தண்ணிக்குள்ள போவப்போற நெலத்த ஒரு கம்பெனி எதுக்குடி வாங்கும்? எனக்கே தோணுது. ஆட்டோக்காரன் பத்து ரூவா ஜாஸ்தி கேட்டா அர மணி நேரம் கேக்கறவ நீ."

உண்மை. அந்தக் கேள்வி அன்று அவர் படத்தைக் காட்டியபோதே எனக்கு வந்தது. வாய்வரை வந்ததை விழுங்கினேன். வாடகை வீட்டின் உரிமையாளர் காலி செய்யச் சொல்லி ஆறு மாதம் ஆகிறது. என் பங்கு வந்தால் மஞ்சக்குப்பத்திலேயே சின்னதாக ஒரு வீட்டுக்கு முன்பணம் கட்டலாம். எல்லாரையும் சந்தேகப்படுகிற நான், எனக்கு வசதியான ஓர் ஆளை மட்டும் சந்தேகப்படாமல் விட்டிருக்கிறேன். இதை அக்காவிடம் அப்படியே சொன்னேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"தெரியும்" என்றாள். "அதுக்குத்தான் ஒன்னையும் நேர்ல பாக்கக் கூட்டிட்டுப் போனேன்."

வீட்டுக்கு வந்து அக்கா தண்ணீர் கூடக் குடிக்கவில்லை. அப்பாவின் மூலப்பத்திரம் என் பீரோவில்தான் இருக்கிறது. கடலூரில் பத்திரமாக இருக்கும் என்று அவள்தான் ஐந்து வருடத்துக்கு முன் கொடுத்து வைத்தாள். அதைக் கேட்டாள். எடுத்துக் கொடுத்தேன். ஒவ்வொரு தாளாகப் புரட்டிப் பார்த்துவிட்டுத் துண்டில் சுற்றிப் பையில் வைத்தாள்.

"அக்கா, ஒரு ஜெராக்ஸ் எடுத்துக்கட்டுமா?"

"எதுக்கு?" என்று கேட்டாள்.

பீரோவைப் பூட்டினேன். அவளை 4.10 சிதம்பரம் பேருந்தில் ஏற்றிவிட்டு வந்தேன்.