முக்கோணம் இல்லாத பக்கம்

மருமகளுக்கு மூன்றாவது முறையும் கரு நிற்கவில்லை என்றதும் நான் முதலில் சந்தேகப்பட்டது அவளுடைய ஸ்கூட்டரை. கோயமுத்தூரில் சிங்காநல்லூரிலிருந்து கணபதி வரைக்கும் வேலைக்குப் போவது அதில்தான். அடுத்தது டிபன் டப்பா. சாயங்காலம் அவள் அதைக் கழுவுவதற்கு முன்னால் எடுத்து முகர்ந்து பார்ப்பேன், பப்பாளி வாசம் அடிக்கிறதா என்று. ஒருநாளும் அடித்ததில்லை. ஆபீசிலேயே கழுவிக்கொண்டு வருகிறாளோ என்று அதையும் சந்தேகப்பட்டேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ஒரு தாளில் இரண்டு குடும்பத்தையும் படமாகப் போட்டார். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், கலைந்த கருவுக்குச் சின்ன முக்கோணம். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். பஸ் போர்டையே எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். ஆனால் அந்தப் படம் உடனே விளங்கியது. மருமகளுக்குக் கீழே மூன்று முக்கோணம். அவள் அம்மாவுக்குக் கீழே ஒன்று. டாக்டரம்மா கேட்டதும் மருமகளே அதை மறைக்காமல் சொல்லிவிட்டாள்.

"உங்களுக்கு எதாவது கலைஞ்சிருக்குங்களா அம்மா?" என்று என் பக்கம் திரும்பினார்.

"எனக்கு அப்படியெல்லாம் ஒண்ணுமில்லீங்க. ஒரே பையன்."

பொய். மகனுக்கு முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று போயிருந்தது. முதல் இரண்டும் போன சமயம், அந்தியூரில் ஒரு கல்யாணத்தில் சீர்த்தட்டைத் தூக்கப்போன என் கையிலிருந்து ஒருத்தி அதை வாங்கி, குழந்தை பெற்றவளிடம் கொடுத்தாள். மகன் பிறந்த பிறகு அந்தப் பேச்சையே நான் எடுக்கவில்லை. தெரிந்த என் வீட்டுக்காரரும் மாமியாரும் இப்போது இல்லை.

டாக்டரம்மா இருவருக்கும் ரத்தம் எடுக்கச் சொன்னார். மகன் தாளைக் காட்டி, "எங்க பக்கந்தான் ஒண்ணுமே இல்லீங்களே. எனக்கு எதுக்குங்க?" என்றான். எனக்கு உள்ளுக்குள் நிறைவாக இருந்தது. மருமகள் மட்டும் கொடுத்தாள். அவளுக்குக் குறை ஒன்றுமில்லை என்று ரிப்போர்ட் வந்தது.

"ரத்தத்த மாத்திப்போட்டிருப்பாங்க கண்ணு" என்றேன்.

"உனக்கு ஆஸ்பத்திரி சொவத்து மேலயும் சந்தேகம்மா" என்று மகன் சிரித்தான். ஆனாலும் ரத்தம் கொடுக்கப் போகவில்லை.

ஒரு மத்தியானம் மருமகள் கதவைச் சாத்திக்கொண்டு அவள் அம்மாவிடம் போனில் பேசினாள். என்னைப் பற்றித்தான் என்று நினைத்து வெளியே நின்று கேட்டேன்.

"நாமதான் உனக்குப் போன ஒண்ண சொல்லிக் கெட்டோம்மா. மறைச்சிருந்தா இந்நேரம் இவரும் ரத்தம் குடுத்திருப்பாரு. காரணம் தெரியாம இன்னொரு வாட்டி என்னால ஆகாது. ஞாயித்துக்கிழமை அங்கயே வந்துடறேன்."

என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

மறுநாள் காலையில் மகன் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது ஆஸ்பத்திரி ஃபைலிலிருந்த அந்தப் படத்தை எடுத்து அவன் முன்னால் வைத்தேன். பேனாவைப் பிடித்து, எனக்கான வட்டத்துக்குக் கீழே மூன்று முக்கோணம் போட்டேன். கோணலாகத்தான் வந்தது.

"என்னம்மா இது?"

"உனக்கு முன்னால ரெண்டு. பின்னால ஒண்ணு."

"டாக்டர்கிட்ட இல்லைன்னு சொன்னியே."

"சொன்னேன். நீ போயி ரத்தம் குடுத்துட்டு வா."

காப்பியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனான். மருமகள் அந்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குக் கிளம்பவில்லை.

மூன்று வாரம் கழித்து ரிப்போர்ட் வந்தது. மகனுக்கு இரண்டு குரோமோசோமில் துண்டுகள் ஒன்றுக்கொன்று இடம் மாறியிருக்கின்றன. "அவரு ஒடம்புக்கு ஒண்ணும் கெடுதலில்லீங்க. கருவுக்குப் போறப்ப சில சமயம் ஒரு துண்டு கூடிப்போகும், கொறஞ்சுபோகும். அதுதான் நிக்கறதில்ல. நல்லா நிக்கற கருவும் உண்டு, பயப்படாதீங்க" என்றார் டாக்டரம்மா. அது அம்மாவிடமிருந்தும் வந்திருக்கலாம், அப்பாவிடமிருந்தும் வந்திருக்கலாமாம். எனக்கு என் வீட்டுக்காரர் பக்கம்தான் சந்தேகம். நான் இன்னும் ரத்தம் கொடுக்கவில்லை.

மகன் காரை எடுக்கப் போயிருந்தான். ஆஸ்பத்திரி வாசலில் நாங்கள் இருவர் மட்டும்.

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமில்லீங்க அத்தை?"

"சொல்லியிருக்கலாம் அம்மணி."

ரிப்போர்ட்டை மடித்துப் பைக்குள் வைத்தாள். "எத்தனாவது மாசத்துலங்க?"

"மூணு, மூணு. கடைசி நாலு."

வண்டி வந்துவிட்டது. அவள் முன் சீட்டில் ஏறிக்கொண்டாள். இன்னும் ஏதாவது கேட்பாள் என்று வீடு வரும்வரை பார்த்தேன். கேட்கவில்லை.