பிபினுக்கு ஒரு நாள் குறைந்தது

“பஞ்ச் செய், சுஜா.”

“நீதான் வந்தாச்சில்லா, இன்னும் நான் என்னத்துக்கு—”

“செய்யின்னா செய்!”

“—இந்தா ஒனக்க கார்டு, பிடி. எனக்க வேலைக்கு உலை வைக்கதுக்குன்னே வந்தியா நீ?”

“நான் தொட்டா ஆவாது.”

“ஆவாதா? அது என்ன புதுக் கூத்து?”

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். கழக்கூட்டம் என்கிற ஊரில், காலை எட்டு நாற்பத்தேழுக்கு, நல்ல வெளிச்சத்தில் நடந்த காரியம் இது. ஒரு சொல் கூட்டவில்லை. கம்பெனியின் பெயரை மட்டும் சொல்ல முடியாது. அங்கே இன்னும் ஆட்கள் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

வீட்டில் இருந்தபடி வேலை பார்த்தவர்களையெல்லாம் திரும்ப ஆபீசுக்கு வரச் சொல்லியிருந்த நேரம். வாரம் மூன்று நாள் என்று ஒரு மெயில் வரும். மாதம் பன்னிரண்டு நாள் என்று இன்னொன்று வரும். அரை நாள் வந்தால் சேருமா? லீவு எடுத்த நாளைக் கழிப்பார்களா? மானேஜர் ஸ்ரீஜித்தைக் கேட்டால் அவரே முழிப்பார். நாள் குறைந்தவர்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்பது மட்டும் எல்லாருக்கும் நிச்சயமாகத் தெரியும்.

சுஜாவும் பிபினும் பாறசாலைக்காரர்கள், ஒரே டீம். யாருக்கும் புரியாத சட்டத்துக்குத் தாங்களே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஒரு வாரம் சுஜா வந்து இரண்டு பேர் கார்டையும் வாசல் மெஷினில் காட்டுவாள். மறுவாரம் பிபின் காட்டுவான். அந்த வாரம் சுஜாவின் முறை. அவன் கார்டு அவள் பையில் இருந்தது.

வியாழக்கிழமை மாலை புது மெயில் ஒன்று வந்து விழுந்தது. அடுத்தவர் கார்டைப் பஞ்ச் செய்கிறவருக்கு அன்றைக்கே வேலை போகும். மறுநாள் மாதத்தின் கடைசி வெள்ளி. பிபினுக்கு ஒரு நாள் குறைந்தது.

சுஜா போனில் சொல்லிவிட்டாள். “நாளைக்கு நீயே வா. ஒம்பது மணிக்குள்ள வா. இனி என்னால பற்றாது.”

“இந்த மழையிலயா? பைக்குலயா?”

“எதுலயாவது வா.”

அவன் வந்துவிட்டான்.

கார் நிறுத்தும் கீழ்த்தளத்தின் பின்வாசல் அது. காவல்காரர் லிங்கம் டீ குடிக்கப் போயிருந்தார். சுஜாவுக்கு முன்னால், கார்டைக் காட்டினால் சுழன்று வழிவிடும் சுழல்கம்பி. பக்கத்தில் பிபின். தலையில் ஹெல்மெட், கண்ணாடியும் இறக்கி விட்டபடி.

“அந்தச் சட்டியைக் கழற்றிட்டுப் பேசேன். என்ன, முடிவெட்டக் காசில்லியா?”

அவன் கழற்றவில்லை.

மேலெல்லாம் சொட்டச் சொட்ட நனைந்திருந்தான். ஆனால் தரையில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. டீசல் வாடை வந்தது. இடது காலில் ஷூவைக் காணோம். விரல்களில் தார் அப்பியிருந்தது.

“விழுந்தியா பிபின்?”

“நேரமாச்சு. பஞ்ச் செய்.”

இருப்புக் கொள்ளாமல் அவன் அங்கும் இங்கும் நடக்கத் தொடங்கினான். சுவரோரம் போனான். திரும்பி வந்தான். மறுபடியும் போனான். சுஜா அசையாமல் நின்றாள்.

டப்...

விளக்கு அணைந்தது.

ஆள் நடமாட்டம் இருந்தால் எரிகிற விளக்கு அது. யாரும் அசையாவிட்டால் இரண்டு நிமிஷத்தில் அணைந்துவிடும்.

அவன் நடந்துகொண்டுதான் இருந்தான்...

சுஜா கையைத் தூக்கினாள். விளக்கு எரிந்தது. எட்டு ஐம்பது.

அவன் அவள் முகத்துக்கு நேரே நின்றான்.

“மாட்டேன்” என்றாள்.

அவள் கழுத்தில் கிடந்த கார்டு நாடாவை அவன் எட்டிப் பிடித்தான். ஒரு சுற்று முறுக்கினான். இரண்டாவது சுற்று. நாடா தோலுக்குள் இறங்கியது. இழுத்த இழுப்பில் அவள் நெற்றி சுழல்கம்பியில் மோதியது.

ணங்...

மறுபடியும்.

ணங்...

புருவம் பிளந்தது. ரத்தம் கண்ணுக்குள் வழிந்தது. அவன் கையில் பல்லைப் பதித்தாள். மண் கடிபட்டது.

ஹெல்மெட்டின் கண்ணாடி மேலே போனது.

உள்ளே பாதி முகம்தான் இருந்தது.

“ஒரு நாள்...” என்றது அந்தப் பாதி.

மூச்சு அடைத்தது. கை பைக்குள் துழாவியது. அவன் கார்டு தட்டுப்பட்டது.

நீட்டினாள்.

டிக்.

பச்சை எரிந்தது.

கம்பி தானாகச் சுழன்றது. கிர்ர்ர்... டக்.

பிடி விட்டது.

எட்டு ஐம்பத்திரண்டு.

லிங்கம் வந்து பார்த்தபோது அவள் தரையில் கிடந்தாள்.

“தாயி! யாரு அடிச்சா ஒன்னய?”

“பிபின்... உள்ள போறான்...”

“இங்கன ஒரு ஆளையும் காணோமே தாயி.”

ஆறு தையல் போட்டார்கள். கேமராவில் ஓடிய படத்தில் சுஜா ஒருத்திதான் இருந்தாள். அவள் தலை மட்டும் தானாகப் போய்க் கம்பியில் மோதியது. கார்டு காட்டும் மெஷின் படத்தில் விழவில்லை.

மத்தியானம்தான் செய்தி வந்தது. ஆபீசுக்கு வரும் வழியில், மழையில், டிப்பர் லாரி பிபினின் பைக்கில் ஏறிப் போயிருக்கிறது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகவும் வேலை வைக்காமல் அங்கேயே உயிர் போய்விட்டது. நேரம் எட்டு பதினேழு.

ஞாயிற்றுக்கிழமை அடக்கம். பெட்டியைத் திறக்கவில்லை. அவன் கார்டைப் பற்றி சுஜா யாரிடமும் மூச்சு விடவில்லை. சொன்னால் அன்றைக்கே வேலை போகும். சேலைகளுக்கு அடியில் வைத்து அலமாரியைப் பூட்டினாள்.

செவ்வாய்க்கிழமை காலை பத்து ஐந்துக்கு, வீட்டில் இருந்த சுஜாவை ஸ்ரீஜித் போனில் கூப்பிட்டார். அவருக்குத் தமிழ் மலையாளத்தில் தோய்ந்துதான் வரும்.

“சுஜா, பிபின் வெள்ளிக்கிழமை உள்ளே கேறியதாயிட்டு ரெக்கார்ட் உண்டு. எட்டு ஐம்பத்திரண்டு. சரிதானே?”

“எனக்குத் தெரியாது சார்.”

“வெளியே போன பஞ்ச் இல்ல. இப்பவும் ஆள் உள்ளே உண்டுன்னுதான் சிஸ்டம் காட்டுது. நாலு நாளா பின்வாசல் கம்பி உள்ளேயிருந்து குலுங்கிட்டே இருக்கு.”

அவள் கண் பூட்டிய அலமாரிக்குப் போனது.

“இன்னைக்குக் காலம்பற லிங்கம் அண்ணன் போய்ப் பார்த்தார். இப்ப மெடிக்கல் காலேஜில கிடக்கார். மண்டை பொளிஞ்சு போச்சு. கழுத்தில நாடா பதிஞ்ச பாடு. கொஞ்சம் நினைவு வந்தப்போ ஒண்ணுதான் பறஞ்சார். அவனுக்கு வெளியே போகணுமாம், பஞ்ச் செய்து விடச் சொல்லி அடிச்சானாம்.”

ஸ்ரீஜித் குரலைத் தாழ்த்தினார்.

“போலீஸ் அவன் உடம்பில தேடி நோக்கியாச்சு, பைக்கிலயும் நோக்கியாச்சு. கார்டு எங்கேயும் இல்ல. உண்மை பற, சுஜா... அந்தக் கார்டு யாருடைய கையில இருக்கு?”