லேப் அக்காவின் நாலு எழுத்து

என் மேசை இழுப்பறையில், ஓரங்களில் ஓட்டை போட்ட பழைய பிரிண்டர் தாள் ஒன்று கிடக்கிறது. அதில் நீல மையில் லேப் அக்கா எழுதிய ஒரே வரி: அண்ட் குறி, எல், டி, செமிகோலன். அதை யாராவது குப்பையில் போடப் பார்த்தால் எனக்குக் கெட்ட கோபம் வரும்.

தொண்ணூறுகளின் கடைசி. ஆவடியில் ஒரு மாடிக் கம்ப்யூட்டர் சென்டரில் நான் பாடம் நடத்தினேன். அக்கா லேப் பார்த்துக்கொள்பவர். மெஷின்களைத் துடைத்து, உறை மாட்டி, யாருக்கு எந்த நேரம் என்று நோட்டில் குறிப்பவர். வேப்பம்பட்டிலிருந்து ரயிலில் வருவார், வீட்டில் தையல் வேலையும் உண்டு. பாடம் நடத்த வேண்டும் என்று அவருக்குக் கொள்ளை ஆசை. பன்னிரண்டாவது மட்டும் படித்தவருக்குப் போர்டுப் பக்கம் என்ன வேலை என்று எங்கள் முதலாளி இரண்டு வருஷமாகத் தட்டிக் கழித்தார். வெப் பக்கம் தயாரிக்கும் புது வகுப்பு என் பெயரில் வந்தபோதுதான், "பாடத்தையே ஒரு வெப் பக்கமா செஞ்சு காட்டும்மா. திங்கக்கிழமை நீயே நடத்து, சரியா வந்தா வகுப்பு உனக்கு" என்றார். முடியாது என்ற நம்பிக்கையில்தான் சொன்னார் என்று இன்றும் நினைக்கிறேன்.

சனிக்கிழமை மதியம் அக்காவின் முகம் தொங்கிப்போயிருந்தது. எழுத்தைத் தடிமனாக்க இந்த டேக்கை, அதாவது பிரௌசருக்கான கட்டளைக் குறியை, போடுங்கள் என்று எழுதி, கோண அடைப்புக்குறிக்குள் 'பி' அடித்திருந்தார். பிரௌசரில் டேக்கையே காணோம். அதற்குப் பின்னால் வந்ததெல்லாம் தடித்துப்போயிருந்தது. "இன்னா சார் இது, காட்டுன்னா காட்டாம வேலைய செஞ்சிகினு கீது" என்றார். நான் பெரிய வாத்தியார் அல்லவா, படமாக ஒட்டிவிடுங்கள் என்றேன். எனக்குத் தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை.

அக்கா அதைக் காதிலேயே வாங்கவில்லை. ஒரு சீடியில் இருந்த உதவிப் பக்கத்தைத் திறந்தார். அதில் டேக்குகள் அப்படியே கண்ணுக்குத் தெரிந்தன. "புது மாடல் பிளவுஸ் கெடச்சா உள்பக்கம் திருப்பித்தான் தையல பாப்பேன் சார். இதையும் திருப்புவோம்" என்று அந்தப் பக்கத்தின் மூல எழுத்துகளைத் திறந்தார். அடைப்புக்குறி இருக்க வேண்டிய இடத்தில் இந்த நாலு எழுத்து. அதையே தன் பக்கத்திலும் அடித்தார். டேக் திரையில் வந்து உட்கார்ந்தது. கைக்குக் கிடைத்த தாளில் எழுதி என்னிடம் நீட்டி, "மறந்துடப் போறீங்க" என்றார்.

திங்கட்கிழமை முதலாளி கடைசி வரிசையில் கை கட்டி உட்கார்ந்தார். வகுப்பு நன்றாகத்தான் போயிற்று. மாணவர்களில் ஒருவர், தொழிற்சாலை ஊழியர், "டேக் மறையாம நிக்குதே, அந்த வித்தையையும் பக்கத்துல போடுங்களேன்" என்றார். அக்கா நாலு எழுத்தையும் அடித்தார். திரையில் அது மறுபடி வெறும் அடைப்புக்குறியாகிவிட்டது. முதலாளி நிமிர்ந்து உட்கார்ந்தார். அக்கா சிரித்தார். "இதோட உள்பக்கத்தையும் பாத்துட்டுதான் வந்துகீறேன்" என்று, அண்ட் குறியை எடுத்துவிட்டு, அந்தக் குறியைத் திரையில் காட்டுவதற்கென்றே உள்ள வேறு எழுத்துகளை அங்கே அடித்தார். நாலு எழுத்தும் முழுசாகத் திரையில் நின்றன. கேட்டவர் கை தட்ட, வகுப்பே தட்டியது.

முதலாளி வெளியே போய், நேர அட்டவணையில் என் பெயரைக் கோடு போட்டு அடித்துவிட்டு அக்கா பெயரை எழுதினார். கையிலிருந்த வகுப்பு போனதற்கு அவ்வளவு சந்தோஷப்பட்டவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அன்று மாலை பையன்கள் "மிஸ்" என்று கூப்பிட்டபோது அக்கா திரும்பவே இல்லை. தன்னைத்தான் என்று அவருக்குத் தெரியவில்லை.

இன்று கைப்பேசியில் தேடினால் அந்த எழுத்துகள் நொடியில் கிடைக்கும். போன மாதம் இழுப்பறையைச் சுத்தம் செய்த மகள், தாளைத் தூக்கிக் காட்டி யார் எழுதியது என்று கேட்டாள்.

"எங்க மிஸ்" என்றேன்.