முரோயி சுட்டால் வலிக்காது

முரோயியிடம் குண்டடி பட்டவர்கள் அந்தக் காட்டில் பாதிப் பேர் இருப்பார்கள். ஒருவருக்கும் அது தெரியாது. குண்டு படும், பட்டுக் கீழே விழும், பட்டவன் கொசு என்று நினைத்துத் தட்டிவிட்டு நடப்பான். இதைவிடப் பரிதாபமான வேட்டைக்காரனை நான் பார்த்ததில்லை.

முரோயிக்கு ஐம்பது தாண்டிவிட்டது. ஜப்பானில், சிபா என்ற ஊரில் ஒரு பஸ் கம்பெனியில் புகார் பிரிவில் வேலை. பஸ் தாமதமானால், டிரைவர் முறைத்தால், மழையில் நின்றவன் மேல் சேறு தெறித்தால் போன் அவன் மேஜையில்தான் அடிக்கும். காலையிலிருந்து மாலை வரை மன்னிப்புக் கேட்பதுதான் உத்தியோகம். எதிர்முனையில் இருப்பவருக்குத் தெரியாது என்றாலும் ஒவ்வொரு மன்னிப்புக்கும் தலை குனிவான். மேஜை விளக்கில் இடித்து இடித்து நெற்றியில் ஒரு தழும்பே விழுந்துவிட்டது. "உன் மன்னிப்பை வச்சுக்கிட்டு நான் என்னய்யா பண்றது?" என்று கத்திவிட்டுத்தான் பெரும்பாலும் போனை வைப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் மேலதிகாரி கட்சுமாதா ஆபீஸ் ஆட்களைக் கூட்டிக்கொண்டு மலையடிவாரக் காட்டுக்குத் துப்பாக்கி விளையாட்டுக்குப் போவார். இரண்டு அணி, பிளாஸ்டிக் குண்டு, கண்ணுக்குக் கவசம். குண்டு பட்டவன் "ஹிட்" என்று கத்தி, கையைத் தூக்கி, வெளியே போய்விட வேண்டும். அதில் ஒரே ஒரு தர்மம் உண்டு. பட்டதைப் பட்டவன்தான் சொல்ல வேண்டும். சுட்டவன் "உன் மேல பட்டுச்சே" என்று வாயைத் திறக்கக் கூடாது. திறந்தால் சண்டை, சண்டை வந்தால் ஆட்டம் நாறிப்போகும். முரோயி இந்த தர்மத்துக்கே பிறந்தவன். பக்கத்து மரத்தில் குண்டு பட்டால்கூட, எதற்கு வம்பு என்று "ஹிட்!" என்று கத்திவிட்டுப் போவான்.

மற்றவர்கள் வைத்திருந்தது பேட்டரித் துப்பாக்கி. முரோயியிடம் இருந்தது காஸில் ஓடுவது. சுட்டால் தோளில் ஓர் உதை கொடுக்கும். அந்த உதைக்கு மயங்கித்தான் வாங்கினான். நாள் முழுக்க யாரோ ஒருவருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிற மனிதனுக்கு, தான் விசையை அழுத்தியதும் ஒன்று பதில் சொல்வது பெரிய சுகம்.

ஆனால் காஸ், வானிலையின் அடிமை. வெயில் ஏறினால் குண்டின் வேகமும் ஏறும், குளிரில் படுத்துவிடும். வேகம் ஓர் அளவைத் தாண்டினால் சட்டப்படி அது பொம்மையில்லை, ஆயுதம். வைத்திருப்பதே குற்றம். கம்பெனி சின்னம் போட்ட சட்டையோடு போலீஸ் தன்னைக் கூட்டிப் போவதாக முரோயி கனவே கண்டிருக்கிறான். அதனால் காஸ் போகும் வழியில் இருந்த சின்னத் திருகை இறுக்கி இறுக்கி, மூச்சுத் திணறும் அளவுக்கு அடைத்து வைத்திருந்தான். அந்தத் துப்பாக்கி சுடவில்லை, முனகியது. போதாக்குறைக்கு அவன் போட்டது வெளிர் பச்சைக் குண்டு. காட்டில் போகிற திசையே தெரியாது என்று யாரும் வாங்காமல், தள்ளுபடியில் கிடைத்தது. தான் சுட்டது பட்டதா என்று அவனுக்கே சந்தேகம்.

இப்படியே காலம் ஓடியிருக்கும். டிசம்பரில் வருஷக் கடைசி விருந்து வந்தது. முகம் சிவக்கச் சாகே மது குடித்துவிட்டு, கட்சுமாதா முரோயியின் தோளில் கை போட்டார். "ஏய் முரோயி, எத்தனை வருஷமாய்யா அந்தப் போனைக் கட்டிக்கிட்டு அழுவே? எனக்கு ஏப்ரல்ல மாற்றல். அதுக்குள்ள என்னை ஒரே ஒரு தடவை சுட்டுக் காட்டு. போன்லேர்ந்து தூக்கி உன்னை டைம்டேபிள் பிரிவுல உக்கார வைக்கிறேன். இது ஆம்பளை வாக்கு!"

டைம்டேபிள் பிரிவில் போன் கிடையாது. பஸ்களும் நேரங்களும் மட்டும்தான். முரோயி அன்று வீட்டுக்கு மிதந்துதான் வந்தான்.

"குடிகாரன் பேச்சு விடிஞ்சா போச்சு" என்றாள் மனைவி யோரிக்கோ, கோட்டை வாங்கி மாட்டியபடி. "சும்மா கிடங்க."

"அவரு அப்படிப்பட்டவரு இல்லே."

"நீங்க அப்படிப்பட்டவரு. அதான் எனக்குப் பயம்."

ஜனவரி முழுக்க ஒரு ஞாயிறு விடாமல் போனான். ஒரு முறை கட்சுமாதாவின் முதுகில் 'டொப்' என்று சத்தமே கேட்டது. அவர் தோளை ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டு நடந்தார். ஏமாற்றவில்லை, அந்த மனுஷர் நேர்மையானவர்தான். ஆள் எருமை மாதிரி, போட்டிருந்தது மெத்தை மாதிரி ஒரு ஜாக்கெட். எருமை மேல் மழை பெய்தால் எருமை என்ன செய்யும்? முரோயி வாயைப் பொத்திக்கொண்டு புதருக்குள் உட்கார்ந்திருந்தான்.

பிப்ரவரி கடைசி ஞாயிறுதான் கட்சுமாதாவின் கடைசி ஆட்டம். முந்தின நாள் முரோயி சமையலறையில் துப்பாக்கியைப் பிரித்தான். வாழ்நாளில் முதல் தடவையாகத் திருகைத் தளர்த்தினான். மறுநாள் காலை புல்லெல்லாம் உறைபனி. வேகம் பார்க்கிற மேஜையில் கினுயோ உட்கார்ந்திருந்தாள். காட்டை நடத்துகிறவரின் மனைவி, கருவியில் காட்டும் எண்ணைத் தவிர வேறெதையும் நம்பாதவள். முரோயி, குண்டும் காஸும் அடைத்து வைக்கிற மேகசினை, கார் டிக்கியில் கிடந்து விறைத்துப்போனதை, அப்படியே மாட்டிச் சுட்டான்.

"செகண்டுக்கு எண்பத்தெட்டு மீட்டர். தொண்ணூற்றெட்டு வரைக்கும் போகலாம். என்ன முரோயி சான், இன்னைக்குத் துப்பாக்கிக்கு உசுரு வந்திருக்கு!" என்று சோதனையில் தேறிய அடையாளமாகக் குழலில் மஞ்சள் நாடாவைக் கட்டிவிட்டாள்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். குளிரில் காஸ் படுத்துவிடுமே என்று பயந்து, மேகசின் பையில், குளிருக்குக் கையைச் சூடாக்கிக்கொள்கிற பொட்டலங்களைத் திணித்தான். பனிக்காலத்தில் காஸ் துப்பாக்கிக்காரர்கள் செய்வதுதான். ஆனால் அவர்கள் திருகையும் தளர்த்தி, பொட்டலத்தையும் வைக்க மாட்டார்கள். பயந்தவன் எதையும் இரண்டு தடவை செய்வான். காலை ஆட்டங்களில் கட்சுமாதா அவன் பக்கமே வரவில்லை. மேகசின்கள் மட்டும் பைக்குள் அடைகாத்த முட்டைபோல் சூடேறிக்கொண்டிருந்தன. சுள்ளென்று வெயிலும் வந்தது.

கறிச்சோறு சாப்பிட்டு முடித்ததும் கினுயோ திடீர்ச் சோதனைக்கு வந்தாள். முரோயி நீட்டினான்.

"நூற்றி மூணு."

மேஜையைச் சுற்றி நின்றவர்கள் எண்ணை எட்டிப் பார்த்தார்கள்.  முரோயி தன்னை அறியாமல் குனிந்தான், போனில் குனிவதைவிட ஆழமாக. "மன்னிக்கணும், மன்னிக்கணும்" என்பதைத் தவிர வேறு சொல் வரவில்லை.

கட்சுமாதாதான் முன்னால் வந்தார். "கினுயோ அம்மா, இவனா வேணும்னு செய்வான்? எறும்பு கடிச்சா எறும்புகிட்ட மன்னிப்புக் கேக்குற ஆளு இவன். வெயில் பண்ணின வேலை. குறைச்சுட்டு விளையாடட்டும், விடுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். கினுயோவும் இறங்கி வந்தாள். "இங்கேயே, என் கண்ணு முன்னாடி குறைங்க. கால் திருகு போதும்."

இத்தனை பேர் பார்க்கும்போது கால் திருகோடு நிறுத்த அவனால் முடியவில்லை. இனித் திரும்பாது என்கிற வரை இறுக்கினான்.

"அறுபத்தொண்ணு" என்று கினுயோ உதட்டைப் பிதுக்கினாள். "இது எதுக்கு ஆகும்? ஊதினாலே இதைவிட வேகமா போகுமே."

"பரவாயில்லை. மன்னிக்கணும்."

கடைசி ஆட்டம் தொடங்கும்போது வெயில் மலைக்குப் பின்னால் போய்விட்டது. பொட்டலங்களைப் பிடுங்கி எறிந்ததால் மேகசினும் குளிர்ந்துவிட்டது. முரோயி ஒரு கவிழ்ந்த மரத்தின் பின்னால் படுத்திருந்தான். விதியைப் பாருங்கள், அன்று பார்த்துக் கட்சுமாதா தானாக நடந்து வந்து, கூப்பிடு தூரத்தில் முதுகைக் காட்டி நின்றார்.

முரோயி சுட்டான். தோளில் உதைகூட வரவில்லை, லேசாக ஒரு தட்டு. மறுபடி சுட்டான், மறுபடியும் சுட்டான். கட்சுமாதா கழுத்தைச் சொறிந்துகொண்டார். எதுவோ சத்தம் கேட்கிறதே என்று திரும்பினார், பார்த்தார், சுட்டார்.

"ஹிட்!" என்று முரோயி கத்தினான். காடே எதிரொலித்தது. கையைத் தூக்கிக்கொண்டு வெளியே நடந்தபோது, கவசத்துக்குள் கண் கலங்கி வழி மங்கலாகத் தெரிந்தது.

கார் நிறுத்துமிடத்தில் எல்லோரும் சாமான் கட்டிக்கொண்டிருந்தார்கள். கட்சுமாதா ஜாக்கெட்டைக் கழற்றி உதறினார். அதோடு தைத்திருந்த பின்பக்கத் தொப்பியிலிருந்து பச்சைக் குண்டுகள் உதிர்ந்து சரளையில் உருண்டன. எல்லார் கண்ணும் முரோயி பக்கம் திரும்பியது. பச்சை போடுகிறவன் இன்னொருவன் கிடையாது.

"ஏய், எப்பய்யா சுட்டே?"

"கடைசி ஆட்டத்துல, சார். நீங்க திரும்புறதுக்கு முன்னாடி."

"சொல்லித் தொலைச்சா என்ன?"

"சுட்டவன் சொல்லக் கூடாதே, சார்."

 கட்சுமாதா கார்களுக்கு நடுவே நிமிர்ந்து நின்று, கையை உயரத் தூக்கி, "ஹிட்!" என்று கத்தினார். கைதட்டலும் விசிலும் கிளம்பின.  இத்தனை வருஷத்தில் முரோயியால் ஒருவர் கை தூக்கியது அதுதான் முதல் தடவை.

அந்தத் தைரியத்தில் கிட்டே போய், தாழ்ந்த குரலில் கேட்டான். "அப்ப சார், அந்த டைம்டேபிள் பிரிவு..."

"எந்தப் பிரிவு?"

"விருந்துல சொன்னீங்களே. உங்களைச் சுட்டுட்டா, போன்லேர்ந்து..."

கட்சுமாதா யோசித்தார். நடிக்கவில்லை, நிஜமாகவே நினைவில் தேடினார். "குடிச்சிட்டு உளறினதா? அதை நெஜம்னு எடுத்துக்கிட்டியா? மாற்றல் லிஸ்ட் ஜனவரியிலேயே மேலே போயிடுச்சேப்பா." அவர் சிரிப்பு மெல்ல மறைந்தது. முரோயிக்கு முன்னால் தலை குனிந்தார். "மன்னிச்சுக்க, முரோயி. மன்னிச்சுக்க."

மன்னிப்பு என்ற சரக்கை முரோயிக்குத் தெரிந்த அளவுக்கு யாருக்குத் தெரியும்? நாளெல்லாம் விற்கிறவன். அது யாருக்கும் உறைக்காது, பட்டுக் கீழே விழுந்துவிடும் என்றுதான் இதுவரை நினைத்திருந்தான். இது விழவில்லை. உள்ளே போய்த் தைத்தது. வலித்தது.

"ஐயையோ, நான்தான் சார் மன்னிப்புக் கேக்கணும்" என்று இன்னும் கீழே குனிந்து, குனிந்த வாக்கிலேயே சரளையில் கிடந்த பச்சைக் குண்டுகளைப் பொறுக்க ஆரம்பித்தான்.

பட்டதைப் பட்டவன்தான் சொல்ல வேண்டும். மரத்தில் பட்டதற்கெல்லாம் கத்திய மனிதன், அன்றைக்கு உள்ளே பட்டதை மட்டும் சொல்லவில்லை.